கோமாளி வராத போர்க்களம்: பூச்சி சுடும் படத்தில் நையாண்டி எங்கே இருக்கிறது?

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் அலுவலகம். இப்போதுதான் பள்ளி முடித்த மூன்று பேர் காகிதத்தோடு மேசைக்கு வருகிறார்கள். உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு ஒரு கை இரும்பு. ஒருத்தி விமானி ஆகப் போகிறாள், ஒருவன் உளவுப் பிரிவு, கடைசிப் பையனுக்குக் காலாட்படை. காலாட்படை என்று கேட்டதும் அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு, என்னை ஆளாக்கியதே அந்தப் படைதான் என்று பெருமையோடு சொல்கிறார், சொல்லிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறார். கால் இரண்டும் இல்லை.

அவ்வளவுதான் காட்சி. சோக இசை கிடையாது, பையன் உட்கார்ந்து யோசிப்பது கிடையாது, யாரும் நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பதும் கிடையாது. கதை அது பாட்டுக்கு அடுத்த இடத்துக்குப் போய்விடும். 1997 நவம்பரில் வந்த ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ படத்தில் நையாண்டி எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சில நொடிகளைத்தான் காட்டுவேன். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, கவனிக்காமலே கடந்தவர்களும் உண்டு, அந்த அதிகாரியின் தியாகத்தை நினைத்துச் சிலிர்த்தவர்களும் கண்டிப்பாக உண்டு. ஒரே காட்சி மூன்று விதமாக எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

படம் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்காலத்தில் பூமி முழுக்க ஒரே கூட்டாட்சி, அதைக் கட்டுப்படுத்துவது ராணுவச் சிந்தனை. பட்டாளத்தில் சேவை செய்தவருக்குத்தான் ஓட்டு, அவர்தான் குடிமகன், மற்றவர்கள் எல்லாம் வெறும் பொதுமக்கள். தூரத்துக் கிரகம் ஒன்றில் ராட்சதப் பூச்சிகள் இருக்கின்றன. ஒரு விண்கல் புவனோஸ் ஐரஸ் நகரத்தில் விழுகிறது, லட்சக்கணக்கில் சாகிறார்கள், அனுப்பியது பூச்சிகள்தான் என்று அரசு சொல்கிறது, போர் தொடங்குகிறது. ஜானி ரிக்கோ என்ற அழகான பையன், பெற்றோரை அந்த விண்கல்லில் இழந்தவன், போருக்குப் போகிறான், தோழர்களை இழக்கிறான், பதவி உயர்வு வாங்குகிறான். மேலோட்டமாகப் பார்த்தால் நாம் நூறு தடவை பார்த்த கதை. அதுதான் வேண்டுமென்றே வைத்த பொறி.

பத்து கோடி டாலருக்கு மேல் செலவழித்த படம் உலகம் முழுக்கச் சேர்த்து ஏறக்குறைய 12 கோடிதான் வசூலித்தது. தியேட்டர்காரர்கள் பங்கு போனால் நஷ்டம் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அது போக, அமெரிக்க விமர்சகர்களில் பலர் இதை நாஜி வாடை அடிக்கும் படம் என்றே எழுதினார்கள். நாஜிகளைக் கிண்டல் செய்யும் படம் என்று இல்லை, நாஜித்தனமான படம் என்றே. இன்றைக்கு அதே படத்தைப் போர் நையாண்டிக்கு முதல் உதாரணமாகக் காட்டுகிறார்கள். படம் மாறவில்லையே, அப்படியானால் அன்றைக்கு என்ன கண்ணில் படாமல் போனது?

இதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, அதைச் சொல்லத் தோல்பாவைக்கூத்தைக் கூப்பிட வேண்டும். எங்கள் குமரி மாவட்டத்தில் இப்போது அபூர்வமாகிவிட்ட கலை அது. வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு, ஆட்டுத்தோல் பாவைகள், ஒரே ஆள் எல்லாக் குரலிலும் பேசி ராமாயணத்தை நடத்துவார். ராமனும் ராவணனும் மோதும் கதைக்கு நடுவே உச்சிக்குடும்பன் என்றும் உளுவத்தலையன் என்றும் இரண்டு பேர் வருவார்கள். ராமாயணத்தில் அவர்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. வருவார்கள், அடித்துக்கொள்வார்கள், ஊர் வம்பு பேசுவார்கள், பெரிய மனுசர்களைக் கிண்டல் அடிப்பார்கள், போய்விடுவார்கள். அவர்கள் தலை திரையில் தெரிந்ததுமே சின்னப்பிள்ளைக்குக் கூடத் தெரியும், இது சிரிக்க வேண்டிய இடம் என்று. ராமன் வந்தால் கும்பிட வேண்டிய இடம். இரண்டுக்கும் நடுவில் குழப்பமே வராது.

சினிமாவும் இதே ஏற்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலும் நாடகத்திலும் பழகி சினிமாவுக்குப் போனவர், தன் நகைச்சுவைப் பகுதியைத் தானே எழுதிக்கொள்வார். நாயகன் காதலிப்பதும் வாள் வீசுவதும் ஒரு பக்கம், கலைவாணர் வந்து மூடநம்பிக்கையையும் பணக்காரத்தனத்தையும் கேலி செய்வது இன்னொரு பக்கம். அவருக்குப் பின்னால் வந்த தலைமுறைகளிலும் காமெடி டிராக் என்று தனியாகவே ஒரு ரயில் ஓடியது. 2006இல் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ வந்தபோது அரசனையே கோமாளி ஆக்கினார்கள், அங்கேயும் வடிவேலுவின் மீசையைப் பார்த்த நிமிடமே நமக்கு விஷயம் தெரிந்துவிடும். அப்புறம் நல்லவனாக ஒரு இரட்டைச் சகோதரனையும் கூடவே வைத்துவிட்டார்கள், நம் ஆளுக்குக் கும்பிடவும் ஒருவர் வேண்டுமே.

‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ செய்தது என்னவென்றால், உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் திரையிலிருந்து எடுத்துவிட்டு, அவர்கள் பேச வேண்டிய கிண்டலை ராமன் வாயிலேயே, ராமனுக்கே தெரியாமல் வைத்துவிட்டது. சிரிக்க வேண்டிய முகமும் வியக்க வேண்டிய முகமும் ஒன்றே. நாயகன் அழகன், வீரன், நண்பனுக்காக உயிரைக் கொடுப்பவன், அதோடு கொஞ்சமும் யோசிக்காதவன். படத்தில் ஒரு நிருபர், மனிதர்கள் பூச்சிகளின் இடத்துக்குள் புகுந்ததால்தான் அவை சீண்டப்பட்டன என்று சிலர் சொல்கிறார்களே என்று ஆரம்பிக்கிறார். ரிக்கோ வெடித்து, நான் புவனோஸ் ஐரஸ்காரன், எல்லாவற்றையும் கொல்ல வேண்டும் என்கிறான். சுற்றி நிற்கும் தோழர்கள் உற்சாகமாகக் கத்துகிறார்கள். தியேட்டரிலும் கத்துவார்கள். கத்தியது தப்பு என்று சொல்ல திரையில் ஒருவரும் இல்லை.

இயக்குநர் பால் வெர்ஹோவன் 1938இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த நெதர்லாந்துக்காரர். (டச்சுக்காரர் என்றாலே எங்கள் பக்கத்தில் 1741 குளச்சல் போர்தான் ஞாபகம் வரும். மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சு கம்பெனியின் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆகி, தக்கலைப் பக்கம் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். பனந்தடியை வண்டியில் ஏற்றிப் பீரங்கி மாதிரி காட்டி டச்சுக்காரனை மிரட்டினார்கள் என்றும் இங்கே ஒரு கதை சொல்வார்கள். கதையோ உண்மையோ, போரில் காட்சிக்கு என்ன மதிப்பு என்று அந்தக் கதை கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது.) வெர்ஹோவனின் சிறுவயது ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த ஹேக் நகரத்தில் கழிந்தது. அந்த ஊர்ப் பக்கத்திலிருந்துதான் ஜெர்மானியர்கள் வி-2 ராக்கெட்டுகளை ஏவினார்கள், அதை அழிக்க வந்த பிரிட்டிஷ் விமானங்கள் 1945 மார்ச் 3 அன்று குறி தவறி ஊர்க் குடியிருப்பின் மேலேயே குண்டு போட்டன. பிணங்களையும் எரியும் வீடுகளையும் பார்த்து வளர்ந்த பையன். அதே சமயம் ஒரு சின்னப் பையனுக்கு அதெல்லாம் பெரிய வேடிக்கையாகவும் இருந்தது என்று அவர் பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். போர் கொடுமை என்று எல்லா இயக்குநருக்கும் தெரியும். போர் பார்க்க நன்றாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரியாது. கட்டாய ராணுவ சேவை செய்த காலத்தில் அவர் நெதர்லாந்துக் கடற்படைக்காக ஒரு படம் எடுத்தார், கடற்படையின் மரைன் வீரர்களைப் பற்றி, 1965இல். பட்டாளத்தைப் பெருமையாகக் காட்டுவதற்கு எந்த இடத்தில் கேமராவை வைக்க வேண்டும், எப்போது இசையை ஏற்ற வேண்டும் என்பதை அரசு செலவில் கற்றுக்கொண்ட ஆள். 1997 படத்தின் தொடக்கமே ஓர் ஆள்சேர்ப்பு விளம்பரம்தான், வரிசையாக நிற்கும் வீரர்கள் கேமராவைப் பார்த்து நான் என் பங்கைச் செய்கிறேன் என்கிறார்கள், கடைசியில் தொப்பி போட்ட ஒரு பொடியன் நானும்தான் என்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த அணிவகுப்புக் காட்சிகளை லெனி ரீஃபென்ஸ்டால் ஹிட்லருக்காக எடுத்த 1935ஆம் ஆண்டுப் பிரச்சாரப் படத்தைப் பார்த்தே அமைத்ததாக வெர்ஹோவன் சொல்லியிருக்கிறார்.

அந்த விளம்பர இலக்கணம் நமக்கு ஒன்றும் அந்நியம் இல்லை. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரும் வழியில் பஸ் ஜன்னலில் பாருங்கள், ராணுவத்தில் சேரப் பயிற்சி தருகிறோம் என்று எத்தனை ஃப்ளெக்ஸ். சீருடைப் பையன் ஒருவன் கீழேயிருந்து மேலே பார்க்கும் கோணத்தில், அவனுக்குப் பின்னால் போர் விமானம், அதற்கும் பின்னால் கொடி, ஓரத்தில் தேர்வான பையன்களின் பாஸ்போர்ட் போட்டோ வரிசை. அந்தப் பையன்களைக் குறை சொல்லவில்லை, காலை நாலரைக்கு எழுந்து மைதானத்தில் ஓடுகிறவர்களுக்குச் சம்பளமும் பென்ஷனும் வீட்டு நிலைமையும்தான் கணக்கு. நான் சொல்வது அந்தக் கோணத்தை. அதே கோணத்தில்தான் வெர்ஹோவனும் கேமராவை வைக்கிறார்.

நாவலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராபர்ட் ஹைன்லைன் 1959இல் எழுதியது, மறு வருடம் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. அவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரியாக இருந்து காசநோயால் வெளியே வந்தவர். சேவை செய்தவனுக்கே ஓட்டு என்ற கருத்தை அவர் கேலிக்காக எழுதவில்லை, உண்மையிலேயே விவாதிக்கிறார், பாதி புத்தகம் வகுப்பறைப் பாடம். நாவலின் ரிக்கோ பிலிப்பைன்ஸ் வேர் உள்ளவன், அவன் வீட்டு மொழி தகலாக் என்பது கடைசியில்தான் வெளியே வரும். படத்தில் அவன் பொன்னிற அமெரிக்க முகம், ஊர் மட்டும் புவனோஸ் ஐரஸ். வெர்ஹோவன் புத்தகத்தில் ஓரிரு அத்தியாயம் படித்துவிட்டு அலுத்து மூடிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். திரைக்கதை எழுதிய எட்வர்ட் நியூமையர்தான் முழுசாகப் படித்தவர். படமே முதலில் நாவலோடு சம்பந்தமில்லாத ஒரு பூச்சி வேட்டைக் கதையாகத் தொடங்கி, ஒற்றுமை தெரிந்த பிறகுதான் உரிமை வாங்கினார்கள். ஆகவே நாவல் ரசிகர்கள் கோபப்படுவது நியாயம்தான். புத்தகத்தோடு வாதாடாமல் படம் அதற்குச் சீருடை மாட்டி விட்டுவிட்டது.

சரி, காட்சிப் பிரம்மாண்டத்துக்கு வருவோம். நையாண்டிப் படத்துக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று ஒரு கேள்வி எழும். பூச்சிகளை உருவாக்கியது ஃபில் டிப்பெட்டின் ஸ்டூடியோ. பொம்மையை நூலளவு நூலளவாக நகர்த்திப் படம் பிடிக்கும் பழைய கலையில் ஊறியவர் அவர், ‘ஜுராசிக் பார்க்’ காலத்தில் கம்ப்யூட்டர் வந்து தன் தொழிலை விழுங்கப் போகிறது என்று பயந்தவர். அப்போது ஒரு வழி கண்டுபிடித்தார்கள், மூட்டுக்கு மூட்டு சென்சார் வைத்த உலோக எலும்புக்கூட்டைக் கையால் நகர்த்தினால் அந்த அசைவு அப்படியே கம்ப்யூட்டருக்குள் போகும். பூச்சிப் படத்திலும் அந்த முறை உதவியது. அதனால்தான் அந்தப் பூச்சிகள் இன்றைக்கும் பாரமாக, மண்ணைக் கிளறி நடப்பதுபோலத் தெரிகின்றன. வயோமிங்கின் பொட்டல் பள்ளத்தில் படப்பிடிப்பு, அங்கே பூச்சி ஏது? நடிகர்கள் எங்கே பார்த்துப் பயப்படுவது? வெர்ஹோவனே முன்னால் போய் நின்று குதித்துக் கத்திப் பூச்சியாக நடித்துக் காட்டுவாராம். அறுபதை நெருங்கிய மனுசர். ஆஸ்கருக்குப் பரிந்துரை வந்தது, அந்த வருடம் ‘டைட்டானிக்’ என்ற கப்பல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

பூச்சி மலிவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை. 2004இல் டிப்பெட்டே இயக்கிய இரண்டாம் பாகம் சின்ன பட்ஜெட்டில், நேராக வீடியோவுக்கு வந்தது. இருட்டு, ஒரு கோட்டை, கொஞ்சம் பூச்சி. நையாண்டி வரிகள் அதிலும் உண்டு, ஆனால் ஒட்டவில்லை. மலிவான போரைக் கேலி செய்வது சுலபம், பார்க்கிறவனும் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பான், அவனுக்கு அதில் பங்கு இல்லை. முதல் படத்தில் மலைச்சரிவு முழுக்கப் பூச்சிகள் கோட்டையை நோக்கிப் பொங்கி வரும்போது, இசையமைப்பாளர் பேசில் போலிடோரிஸின் டிரம்பெட்டுகள் எழும்போது, நாம் கொல்லச் சொல்கிறோம். நாமே சொல்கிறோம். அந்த ஆசையைக் கிளப்ப முடியாத படத்தால் அந்த ஆசையைப் பற்றி ஒன்றும் பேச முடியாது.

இந்தப் படத்தை எங்கள் பக்கத்து வீட்டு மாமாவோடு உட்கார்ந்து பார்த்தேன். பட்டாளத்தில் முழு சர்வீஸ் போட்டு பென்ஷனில் வந்தவர், தமிழ் டப்பிங் தவிர வேறு வெளிநாட்டுப் படம் பார்க்காதவர். முதல் தரையிறக்கக் காட்சி வந்தது, ஆயிரக்கணக்கான வீரர்கள் இருட்டில் ஓடுகிறார்கள், சுடுகிறார்கள், துண்டு துண்டாகிறார்கள். மாமா டீயைக் கீழே வைத்தார்.

“மக்களே, இவனுவளுக்கு பீரங்கி ஒண்ணும் கெடையாதா?”

“படம்தானே மாமா.”

“படம்னாலும்... நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போறதுக்கு கப்பல் இருக்கு, ஒரு மோர்ட்டார் இல்லியா? எல்லாவனும் ஒரே எடத்துல கூடி நின்னு சுடுதான். முன்னால நிக்கவனுக்க முதுகுலல்லா போயி விழும்! இதுக்கு ஆர்டர் போட்ட ஆபீசரத்தான் மொதல்ல புடிச்சி உள்ள போடணும்.”

பாசிசம், பிரச்சாரம் என்று ஒரு வார்த்தை அவர் பேசவில்லை, ஆனால் படத்தின் மையமான கிண்டலைப் பல விமர்சகர்களுக்கு முன்னால் பிடித்துவிட்டார். ராணுவமே ஆளும் நாட்டின் ராணுவத்துக்குப் போர் செய்யத் தெரியவில்லை. பீரங்கி இல்லை, கவச வண்டி இல்லை, எதிரியின் இடத்தைப் பற்றி ஒரு உருப்படியான தகவல் இல்லை, தோளில் வைத்துச் சுடும் குட்டி அணுகுண்டு மட்டும் இருக்கிறது. செய்தியில் ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பலி என்று வருகிறது. தலைமைத் தளபதி ராஜினாமா செய்கிறார், அவருக்குப் பதில் ஒரு பெண்மணி வருகிறார், பூச்சியை வெல்லப் பூச்சியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கம்பீரமாகப் பேசுகிறார், கைதட்டல், விவகாரம் முடிந்தது. அடுத்த கிரகத்தில்தான் முதலில் விமானத்திலிருந்து குண்டு போடலாம் என்றே தோன்றுகிறது. திரைக்கதையில் ஓட்டை என்று இதைப் பலர் எழுதினார்கள். எனக்கு ஓட்டை மாதிரித் தெரியவில்லை. அந்த நாட்டில் தாராளமாகக் கிடைப்பது இளம் உடம்புகள்தான், தாராளமாகக் கிடைப்பதை யார் கணக்குப் பார்த்துச் செலவழிப்பார்கள்?

நாஜி கோட்டு, கழுகுச் சின்னம் எல்லாவற்றையும் விட இந்த மாதிரி இடங்கள்தான் எனக்குப் பிடித்தவை. உளவு அதிகாரியாக வரும் நீல் பேட்ரிக் ஹாரிஸ் அந்தக் கருப்பு நீளக் கோட்டோடு நுழையும்போது, போதும் ஐயா புரிந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். அது சுலபமான கிண்டல். குளியலறைக் காட்சி அப்படி இல்லை. ஆணும் பெண்ணும் ஒன்றாகக் குளிக்கிறார்கள், யாருக்கும் கூச்சமில்லை, ஆசையும் இல்லை, எதற்காகப் பட்டாளத்தில் சேர்ந்தாய் என்று பேசிக்கொள்கிறார்கள். ஒருத்தி சொல்கிறாள், சேவை செய்தால் குழந்தை பெற அனுமதி சுலபமாகக் கிடைக்கும் என்று. சாதாரணமாக, நாம் ரேஷன் கார்டு பற்றிப் பேசுகிற குரலில். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இடையிடையே வரும் அரசுச் செய்தி ஓடைதான் படத்தில் கோமாளிக்குப் பக்கத்தில் வருவது. இன்று காலை பிடிபட்ட கொலையாளிக்கு இன்றே தீர்ப்பு, இன்று மாலை ஆறு மணிக்கு எல்லாச் சேனலிலும் மரண தண்டனை நேரலை. பூச்சியின் கூண்டுக்குள் ஒரு பசுவை விடுகிறார்கள், கிழிபடும் நேரத்தில் தணிக்கை என்று ஒரு பட்டை வந்து மறைக்கிறது, ரத்தம் மட்டும் சுற்றிலும் தெறிக்கிறது. மனித உடல்கள் கிழிபடுவதைப் படம் முழுக்க மறைக்காமல் காட்டிவிட்டு, பசுவுக்கு மட்டும் மறைப்பு! பிள்ளைகள் தெருவில் கரப்பானை மிதிக்கிறார்கள், பக்கத்தில் பெண் ஒருவர் பரவசத்தில் கைதட்டிக் குதிக்கிறார். மேலும் தெரிந்துகொள்ள விருப்பமா என்று ஒவ்வொரு துண்டின் முடிவிலும் திரை கேட்கும், தெரிந்துகொள்ளத்தான் ஒன்றும் இருக்காது. 1997இல் இதை மிகை என்றார்கள். 2025 மே மாதம் இந்தியா பாகிஸ்தான் சண்டை நடந்த நாட்களில் நம் செய்திச் சேனல்கள் நிகழ்ச்சிக்கு நடுவே போர்க்கால சைரனை ஒலிக்க விட்டு, குடிமைப் பாதுகாப்புத் துறையே தலையிட்டு அதை நிறுத்துங்கள் என்று அறிவுறுத்த வேண்டி வந்தது. மிகை என்ற சொல்லுக்கு இனி அவ்வளவு மரியாதை இல்லை.

வெர்ஹோவனும் நியூமையரும் இதற்குப் பத்து வருடம் முன்பே, 1987இல் ‘ரோபோகாப்’ படத்தில் இதே மாதிரி செய்தித் துண்டுகளை வைத்திருந்தார்கள். அங்கே எவருக்கும் குழப்பம் வரவில்லை. கம்பெனி முதலாளிகள் வில்லன்கள், நாயகன் பாதிக்கப்பட்டவன், கோபம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெளிவாகக் கோடு போட்டிருந்தது. இருவரும் சேர்ந்த அடுத்த படத்தில் அந்தக் கோட்டை அழித்தார்கள். ஜேம்ஸ் கேமரூனின் ‘ஏலியன்ஸ்’ (1986) வேறு வழி, வாய்ச்சவடால் அடிக்கும் மரைன்கள் முதல் மோதலிலேயே நொறுங்குவார்கள், வியட்நாம் போர் வாடை தூக்கலாக அடிக்கும், ஆனால் நாயகி ரிப்ளி என்ற ஒரு விவேகமான ஆள் கூடவே இருப்பதால் நாம் பத்திரம். 2014இல் வந்த ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’, ஹிரோஷி சகுராசகாவின் ஜப்பானிய நாவலிலிருந்து எடுத்தது, டாம் குரூஸை டிவியில் மட்டும் வீரம் பேசும் விளம்பர அதிகாரியாக அறிமுகப்படுத்தி அரைமணி நேரம் அழகாகக் கிண்டல் செய்யும். அப்புறம் அவர் டாம் குரூஸ் ஆகிவிடுவார்.

இந்த வகைக் கிண்டல் ஏன் விண்வெளிக்குப் போய் ஒளிந்துகொள்கிறது என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. நிஜ ராணுவத்தைக் காட்ட நிஜ விமானம், நிஜக் கப்பல் வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அவற்றைத் தரும், ஆனால் திரைக்கதையைப் பார்த்துவிட்டுத்தான் தரும். 1986இல் ‘டாப் கன்’ ஓடிய தியேட்டர் வாசல்களில் கடற்படை ஆள்சேர்ப்பு மேசையே போட்டது. ‘இண்டிபெண்டன்ஸ் டே’ (1996) எடுத்தவர்கள், வேற்றுக்கிரகக் கப்பலை அரசு ரகசியமாக ஒளித்து வைத்திருக்கும் ராணுவத் தளம் என்ற ஏரியா 51 சமாச்சாரத்தை விடமாட்டோம் என்றதால் உதவி கிடைக்கவில்லை. இங்கேயும் 2020இல் நம் பாதுகாப்பு அமைச்சகம், ராணுவத்தைப் பற்றிய படங்களுக்கும் தொடர்களுக்கும் தடையில்லாச் சான்று வாங்கச் சொல்லித் தணிக்கை வாரியத்துக்குக் கடிதம் எழுதியது. பூச்சிக் கிரகத்துக்குப் போகும் கப்பல் மினியேச்சரும் கம்ப்யூட்டரும்தான், அதற்கு எந்தப் படையின் கையெழுத்தும் தேவையில்லை.

கோமாளி இல்லாமல் எடுத்தால் ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. போரைப் பற்றி எந்தப் படம் எடுத்தாலும் கடைசியில் அது போருக்கு ஆதரவாகவே முடியும் என்று பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா ட்ரூஃபோ சொன்னது பிரபலம். ‘ஜார்ஹெட்’ படத்தில் (2005), வளைகுடாப் போருக்குப் போகும் மரைன்கள் ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தின் ஹெலிகாப்டர் தாக்குதலைத் திரையில் பார்த்து, இசையோடு சேர்ந்து பாடி ஆர்ப்பரிப்பார்கள். போரின் பைத்தியக்காரத்தனத்தைக் காட்ட எடுத்த காட்சி அது. ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ பார்த்து அந்தக் கூட்டாட்சியை நல்ல அரசு என்று மனதார வாதாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், ஆணும் பெண்ணும் சமம், குற்றம் இல்லை, இனவெறி இல்லை, என்ன குறை என்று கேட்கிறார்கள். வெர்ஹோவன் அப்படி ஓர் உலகத்தைத் தெரிந்தேதான் கட்டினார். எல்லாரும் அழகு, எல்லாம் பளபளப்பு, ஆனால் அந்த உலகத்தால் முடிந்தது பூச்சி கொல்வது மட்டும்தான் என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். அந்த ‘ஆனால்’ திரையில் எழுத்தாக வருவதில்லை, அதுதான் சிக்கல்.

அதற்காக எல்லாவற்றுக்கும் நையாண்டி என்று சீட்டுக் கொடுத்துவிட முடியாது. நடுவில் வரும் முக்கோணக் காதல் இழுவை. மரப்பாச்சி மாதிரி நடிக்கிறார்களே என்றால், அதுவும் கிண்டல்தான், பிரச்சாரப் படத்தில் நடிகர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று ரசிகர்கள் பதில் சொல்வார்கள். இருக்கலாம். அதைப் பதினைந்து நிமிடம் குறைவாகக் கிண்டல் செய்திருக்கலாம்.

இந்தப் படத்தின் நிஜமான வாரிசு சினிமாவில் வரவில்லை, கேமில் வந்தது. ஸ்வீடனின் ஆரோஹெட் ஸ்டூடியோ உருவாக்கி 2024 பிப்ரவரியில் வெளிவந்த ‘ஹெல்டைவர்ஸ் 2’ பன்னிரண்டு வாரத்தில் 1.2 கோடிப் பிரதிகள் விற்றது. சூப்பர் எர்த் என்ற நாட்டின் வீரனாக இறங்கி, ஜனநாயகத்தைப் பரப்புகிறோம் என்ற பெயரில் பூச்சிகளைக் கொல்ல வேண்டும், நம் ஆள் செத்தால் அடுத்த ஆளைக் குண்டு மாதிரி மேலேயிருந்து எறிவார்கள், சாகும்போதும் கோஷம் போடுவான். ஆடுகிறவர்கள் வெளியேயும் அந்தப் பிரச்சார மொழியிலேயே சீரியஸாகப் பேசி விளையாடினார்கள். திரையில் இல்லாத உளுவத்தலையனை இங்கே ஆட்டக்காரனே எடுத்துக்கொண்டான். பார்க்கிறவன் செய்ய முடியாததை ஆடுகிறவன் செய்கிறான், அவனுக்குக் கத்தவும் கத்துவதைப் பார்த்துச் சிரிக்கவும் ஒரே நேரத்தில் இடம் இருக்கிறது.

தமிழில் இப்படி ஒன்று வருமா? 2022இல் ‘கேப்டன்’ வந்தது, ஆர்யா ராணுவ அதிகாரி, காட்டுக்குள் விசித்திர உயிரினங்கள். பட்டாளமும் அறிவியல் புனைவும் சேர்ந்த படம் என்பதால் ஆசையோடு பார்த்தேன், பிரம்மாண்டத்துக்கு முயற்சி இருந்தது, கிண்டலுக்கு இடமே இல்லை, நாயகன் எப்போதும் சரியானவன். வெர்ஹோவன் பெரிய நட்சத்திரம் யாரையும் போடவில்லை, முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும் காஸ்பர் வான் டீனையும் டெனிஸ் ரிச்சர்ட்ஸையும் போட்டார், அவர்கள் தப்பான பக்கம் நின்று ஜெயிப்பதைக் காட்டினால் கோபப்பட ரசிகர் மன்றம் கிடையாது. நம்மூரில் பத்தாயிரம் பூச்சியைத் திரையில் ஓட விடும் அளவுக்குப் பணம் போட ஒரு பெரிய நட்சத்திரம் வேண்டும். அந்த நட்சத்திரம் வந்தால் நாயகன் தப்பு செய்ய முடியாது. புதுமுகத்தை வைத்தால் பணம் வராது, பணம் இல்லாமல் எடுத்தால் பூச்சி ரப்பராக இருக்கும், ரப்பர் பூச்சியைப் பார்த்து யாரும் கொல்லச் சொல்லிக் கத்த மாட்டார்கள்.